செல்லோ மாணவரின் தனி வகுப்பில் கை வைக்காதீர்கள்: இசைத்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசைத்துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் செல்லோ (உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) வாசிப்பை முதன்மைப் பாடமாக எடுத்தவருக்கு, வாரம் ஒருமுறை ஆசிரியரோடு தனியாக நடக்கும் வகுப்புதான் படிப்பின் அச்சாணி. இசைக்கோட்பாடு, இசை வரலாறு, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வில் எந்தக் கோணத்தில் தந்தியில் விழுகிறது, இடது கட்டைவிரல் கருவியின் கழுத்தை எங்கே நெரிக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல அந்த ஒரு வகுப்பை விட்டால் வேறு இடமில்லை. பணம் இறுகும்போதோ முதலில் கத்தி விழுவது இதன் மேல்தான். 60 நிமிடம் 30 ஆகிறது. இரண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரே வகுப்பாக்குகிறார்கள். செமஸ்டருக்கு ஓர் ஆசிரியர் மாறுகிறார். இந்த முடிவுகள் உங்கள் மேசையில்தான் எடுக்கப்படுகின்றன. அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது, அது சுருங்கினால் எது முதலில் காணாமல் போகிறது என்பதை, செல்லோ கற்பிக்கிறவர்களாக, உங்களுக்கு விவரமாகச் சொல்லிவிட விரும்புகிறோம்.

ஒழுங்காக நடக்கும் ஒரு 60 நிமிட வகுப்பில் சுருதி சேர்க்க மூன்று நிமிடம் போகும். ஸ்கேல் (சுர வரிசை), ஆர்ப்பெஜியோ (கூட்டுச் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), இரட்டைத் தந்தி வாசிப்பு இவற்றுக்குப் பத்து நிமிடம். எட்யூடுக்கு, அதாவது பயிற்சிக்கென்றே எழுதிய சிறு உருப்படிக்கு, பதினைந்து நிமிடம். செல்லோ கலைஞர்கள் டியூபோரின் 21 எட்யூடுகளிலிருந்தோ பாப்பரின் ஓபஸ் (படைப்பு எண்) 73-இல் உள்ள நாற்பதிலிருந்தோ ஒன்று. உருப்படிக்கு இருபத்தைந்து. மீதி ஏழு நிமிடத்தில், அடுத்த வாரத்துக்கு எந்தப் பகுதியை எந்த வேகத்தில் எப்படிச் சாதகம் செய்வது என்பதை மாணவரையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்வோம். இந்தக் கடைசி ஏழு நிமிடம்தான் மற்ற ஆறு நாளையும் நடத்துகிறது. வகுப்பை 30 நிமிடமாக்கினால் எல்லாம் சரிபாதியாகச் சுருங்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது அப்படியில்லை. தேர்வுக்குரிய உருப்படி தன் இருபத்தைந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காது. ஸ்கேல் போய்விடும், எட்யூட் போய்விடும், சாதக முறையைச் செய்துபார்ப்பதும் போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து, நான்கு உருப்படிகளை ஒப்பேற்றத் தெரிந்தவராகவும், ஐந்தாவதைத் தானே கற்றுக்கொள்ளத் தெரியாதவராகவும் அந்த மாணவர் நிற்பார்.

சேர்த்து நடத்தும் வகுப்பில் ஏன் இது முடியாது என்பதற்கு ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கொள்வோம். செல்லோவின் நான்கு தந்திகள் கீழ்ச்சுருதியிலிருந்து சி, ஜி, டி, ஏ. நாம் எடுப்பது டி தந்தியில் முதல் விரல் விழும் ஈ. ஆரம்பநிலை மாணவரும் வாசிக்கும் சுரம்தான். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. மேலே உள்ள திறந்த (விரல் வைக்காத) ஏ தந்தியை 220 ஹெர்ட்ஸில் வைத்து, அதோடு இந்த ஈ சுத்தமாகச் சேர வேண்டுமானால் அது 165 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். தந்திகளைச் சுத்தமான ஐந்தாம் இடைவெளிகளில் சேர்த்திருக்கும் நிலையில், அதே ஈயைக் கீழே உள்ள திறந்த ஜி தந்தியோடு சேர்த்து வாசித்தால், ஏறத்தாழ 163 ஹெர்ட்ஸில்தான் அது அமைதியடையும். வித்தியாசம் 22 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). முழு அளவு செல்லோவில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர் என்பதால், விரல் நகர வேண்டிய தூரம் ஏழெட்டு மில்லிமீட்டர் வரும். இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ சூட்டில் (நடன இசைத் தொகுப்பில்) ஒரு வரியில் இந்த ஈ ஏயோடு வரும், அடுத்த வரியில் ஜியோடு வரும். டியூனர் கருவியில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி வாசிக்கும் மாணவருக்கு ஏயோடு சுரம் ஏறத்தாழச் சேரும், ஜியோடு நன்றாகத் தள்ளி நிற்கும்; ஏனென்றால் கருவி காட்டுவது இரண்டுக்கும் இடைப்பட்ட, ஏ பக்கமே ஒட்டிய ஒரு சமரசம். ஆசிரியர் இங்கே செய்வது இதுதான்: ஜியோடு சேர்த்து மெதுவாக வில் இழுக்கச் சொல்லி, இரண்டு சுரமும் உரசும்போது கேட்கும் துடிப்பு படிப்படியாகக் குறைந்து அடங்கும்வரை விரலை நகர்த்த வைப்பது. பிறகு ஏயோடு அதே வேலை. பிறகு, தனி மெட்டாக வரும்போது இரண்டில் எதன் பக்கம் சாய வேண்டும் என்று கேட்பது. ஒரு மாணவரின் காது அந்தத் துடிப்பைப் பிடிக்க ஆறு நிமிடம் ஆகும், இன்னொருவருக்கு ஆறு வாரம் ஆகும். அறையில் மூன்று செல்லோக்கள் இருந்தால் அந்தத் துடிப்பே காதில் விழாது.

வலது கை இன்னும் நுணுக்கமானது. வில்லின் வேகம், கை எடை, தந்தியில் வில் தொடும் இடம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்திருப்பவை. பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரப்பாலத்துக்கு) அருகே போகப் போக வில் மெதுவாகவும் எடை கூடுதலாகவும் வேண்டும். விரல்பலகைப் பக்கம் வந்தால் வேகம் கூட்டி எடையைக் குறைக்க வேண்டும். இடது கை மேலே ஏறும்போது தந்தி குட்டையாகிறது, ஆகவே வில்லும் பிரிட்ஜை நோக்கி நகர்ந்தாக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஏ தந்தியில் தம்ப் பொசிஷனுக்கு (கட்டைவிரலையும் தந்தி மேல் வைத்து வாசிக்கும் உயர்நிலைக்கு) போனதும் நாதம் மெலிந்து விசில் அடிப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் மாணவரோ விரலைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இடது கையில் இன்னும் பலம் கொடுப்பார். மூன்று மாதத்தில் கட்டைவிரல் அடியில் வலி தொடங்கும். தவறு வலது கையில், வலி இடது கையில். இதைக் காணொளியில் கண்டுபிடிப்பது கடினம். ஆண்டு முழுக்க அதே கையைப் பார்த்துவரும் ஆசிரியருக்கு ஒரு பார்வையில் பிடிபடும்.

சில நேரம் தவறு மாணவருடையதே இல்லை. ஈக்கும் எஃப் ஷார்ப்புக்கும் இடையே ஒரு சுரத்தில் மட்டும் செல்லோ திக்கித் திணறி உறுமும். அந்தச் சுரம் செல்லோ உடலின் இயல்பான அதிர்வோடு மோதுவதால் வருவது அது. வுல்ஃப் என்பார்கள். மாணவர் தன் வில்தான் மோசம் என்று வாரக்கணக்கில் மன்றாடிக்கொண்டிருப்பார். பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் (தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் துண்டுக்கும்) இடையே உள்ள தந்தித் துண்டில், பெரும்பாலும் ஜியில் அல்லது சியில், சிறு உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் அது அடங்கும். வாசிக்கும்போது முழங்காலால் செல்லோவின் உடலை லேசாக அழுத்தினாலும் குறையும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமுள்ள வகுப்பு வேண்டும்.

இனி, எங்களுக்கு மிக முக்கியமாகப் படும் கோரிக்கை: முதல் செமஸ்டர் தேர்வை மாற்றுங்கள்.

சேரும் மாணவர்களில் பலருக்கு வில் பிடியையோ இடது கையின் அமைப்பையோ திருத்திக் கட்ட வேண்டியிருக்கும். வில்லின் மேல் வளையாத கட்டைவிரல், வில்லின் அடிப்பகுதிக்கு வரும்போது ஏறிக்கொள்ளும் வலது தோள், விரிப்பு நிலையில் விரல் நீளும்போது கூடவே நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடது கட்டைவிரல் என்று பழகிய குறைகள் இருக்கும். இவற்றை மாற்ற எட்டிலிருந்து பத்து வாரம் வேகமான உருப்படிகளைத் தள்ளிவைக்க வேண்டும். திறந்த தந்தியில் நீண்ட வில், முதல் நிலையில் ஸ்கேல், டாட்ஸவரின் எளிய எட்யூடுகள், இவ்வளவுதான். அந்தக் காலத்தில் வாசிப்பு முன்பைவிட மோசமாகக் கேட்கும். பழைய பழக்கம் போயிருக்கும், புதியது வந்திருக்காது. அந்த வேலை முடிந்தும் முடியாமலும் இருக்கும்போதே, பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு கான்செர்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிக்கருவி வாசிக்கும் படைப்பு) அசைவை, அதாவது அதன் ஒரு பகுதியை, மனப்பாடமாக வாசிக்கச் சொல்கிறது உங்கள் தேர்வு விதி. பயத்தில் கை பழைய பிடிக்கே ஓடிவிடும். இரண்டாம் செமஸ்டரில் மறுபடி முதலிலிருந்து. முதல் செமஸ்டருக்கு மட்டும் மூன்று ஸ்கேல், இரண்டு எட்யூட், ஒரு மெதுவான அசைவு என்று வையுங்கள். மனப்பாடம் வேண்டாம். மதிப்பெண்ணில் பாதியை, தொடக்கத்தில் எடுத்த காணொளிக்கும் இப்போதைய வாசிப்புக்கும் உள்ள மாற்றத்துக்குக் கொடுங்கள்.

இதே காரணத்தால்தான் ஆசிரியரை அடிக்கடி மாற்ற வேண்டாம் என்கிறோம். நல்ல ஆசிரியர்கள் இருவர் வில் பிடியை இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள், இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒன்று வேர்விடும் முன் அடுத்ததைத் திணித்தால் கை இரண்டையும் இழக்கும். முதல் இரண்டு ஆண்டு ஒரே ஆசிரியர், மூன்றாம் ஆண்டில் மாணவர் விரும்பினால் மாற்றம்: இது நியாயமான ஏற்பாடு. ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை என்றால் இடையிலேயே மாறவும் வழி இருக்க வேண்டும், அதைக் கேட்ட மாணவர் அதற்காக எந்த விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது.

உருப்படிப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைடனின் சி மேஜர், டி மேஜர் கான்செர்டோக்கள் இரண்டையும் ஒரே படிநிலையில் போட்டிருக்கும் பட்டியல்கள் உண்டு. 1961-இல் பிராகில் கண்டெடுக்கப்பட்ட சி மேஜரை ஒரு நல்ல இரண்டாம் ஆண்டு மாணவர் தாங்குவார். 1783-ஐச் சேர்ந்த டி மேஜர் வேறு மாதிரி. தம்ப் பொசிஷனில் நீண்ட நேரம் நின்று, எட்டாம் இடைவெளி இரட்டைச் சுரங்களை வாசிக்கும் கையில்லாமல் அதைத் தொட்டால் சுருதி கெடும், மனமும் கெடும். பாக்கின் ஆறாம் சூட் ஐந்து தந்தி உள்ள கருவிக்கு எழுதப்பட்டது. நான்கு தந்தியில் வாசிக்கும் இளங்கலை மாணவர் எவருக்கும் அதைக் கட்டாயமாக்காதீர்கள். ஐந்தாம் சூட்டை மூலச் சுருதியில் வாசிப்பவர் ஏ தந்தியை ஜிக்கு இறக்குவார். இறக்கிய தந்தி நிலைகொள்ள நேரம் பிடிக்கும், திரும்ப ஏற்றினாலும் சற்று நேரம் நழுவிக்கொண்டே இருக்கும். அப்படி வாசிப்பவருக்கு அதையே முதல் உருப்படியாக வைத்து, அடுத்ததற்கு முன் இடைவேளை கொடுங்கள், அல்லது இன்னொரு செல்லோவை மேடையில் வைக்க விடுங்கள். இந்தச் சூட்டுகளுக்கு பாக்கின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. இருக்கும் பழைய பிரதிகளில், அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதியதையும் சேர்த்து, ஸ்லர் குறிகள் (எந்தச் சுரங்களை ஒரே வில்லில் சேர்ப்பது என்று காட்டுபவை) பல இடத்தில் தெளிவாக இல்லை. ஆகவே தேர்வாளர் தம் கையிலுள்ள பதிப்போடு ஒப்பிட்டு வில்லிசைவு (வில்லை இழுக்கும் முறை) தவறு என்று மதிப்பெண் வெட்டுவது சரியல்ல. தேர்ந்தெடுத்த வில்லிசைவு அசைவு முழுக்க ஒரே நியாயத்தோடு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தேர்வாளர்களில் ஒருவராவது தந்திக் கருவி வாசிப்பவராக இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். அவர்கள் எழுதும் குறிப்புகள் ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் கைக்கு வர வேண்டும். விடுமுறை கழிந்து வரும் குறிப்பால் பயனில்லை.

பியானோ கலைஞரின் நேரத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இது ஆடம்பரச் செலவு இல்லை. பிராம்ஸின் ஈ மைனர் சொனாட்டாவை, ஓபஸ் 38-ஐ, பியானோவுக்கும் செல்லோவுக்கும் என்றே அவர் தலைப்பிட்டார், இருவரும் சமம். அது செல்லோவின் அடித்தந்தியில் தொடங்குகிறது, பியானோவின் கூட்டுச் சுரங்கள் தாளத்துக்கு விலகி விழுகின்றன. கடைசி அசைவில் பியானோவின் இடது கையும் செல்லோவும் ஒரே ஸ்தாயியில் புரளும். அங்கே செல்லோ முழுகிப்போவது மாணவர் பலமாக வாசிக்காததால் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவரும் வில்லை அழுத்துவார், நாதம் நசுங்கும், இன்னும் கேட்காமல் போகும். தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது: பியானோ இடது கையைக் குறைத்து பெடலைச் சுருக்க வேண்டும், செல்லோ ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் மெய்யெழுத்துபோல் தெளிவாக உச்சரித்துவிட்டு உடனே எடையை விட வேண்டும். இதை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும். ஒரு சொனாட்டாவுக்கு ஐந்து கூட்டு ஒத்திகையாவது வேண்டும், அதில் இரண்டு ஆசிரியர் முன்னிலையில். தேர்வுக்கு முந்தைய நாள் ஒரே ஒரு தடவை சந்தித்து வாசிக்கச் சொல்வது இரண்டு பேருக்குமே அநீதி.

அறைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, ஆனால் சொல்வதைச் செய்துவிடுங்கள். செல்லோக்காரருக்கு இருக்கை ஒரு கருவி. அடுக்கி வைக்கும் நாற்காலிகள் பின்பக்கம் சரிவாக இருப்பதால் இடுப்பு பின்னால் சாய்ந்து, முதுகு வளைந்து, தோள் முன்னால் வரும். தட்டையான, உயரம் மாற்றக்கூடிய இருக்கை வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். வழவழப்பான தரையில் எண்ட்பின் (செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பி) வழுக்கினால் மாணவர் முழங்காலால் செல்லோவைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார், அங்கிருந்தே இறுக்கம் தொடங்கும். அறைக்கு ஒரு தடுப்புப் பட்டை போதும். கருவிகளை வைக்கும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். வறண்டால் முறுக்காணிகள் நழுவும், ஓரப் பசை விடும், மோசமானால் மேற்பலகை வெடிக்கும். சுற்றிலும் ஓடு பதித்த சின்ன அறை வேண்டாம். அங்கே எல்லாமே பெரிதாகக் கேட்பதால் மாணவர் வில்லை அடக்கப் பழகி, அரங்கத்தில் ஏறியதும் காணாமல் போவார்.

உடல்நலம். செல்லோ மாணவரின் சாதகம் வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றால், கிரெடிட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அத்தனை உழைப்புக்கு ஒரே ஒரு கிரெடிட் கொடுத்தால் மாணவர் வேறு பாடங்களை அடுக்கிக்கொண்டு நள்ளிரவில் சாதகம் செய்வார். தசைநாண் வீங்குவது பெரும்பாலும் மொத்த நேரத்தால் மட்டும் வருவதில்லை, நேரம் திடீரென்று கூடுவதால் வருகிறது. விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் தினம் ஆறு மணி நேர ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை வைப்பதும், ஆர்க்கெஸ்ட்ராக் கச்சேரியும் செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் விழுவதும் இதற்குக் கைகண்ட வழிகள். நாட்காட்டி போடும்போது செல்லோ, வயலின் ஆசிரியர்களையும் உட்கார வையுங்கள். வலி என்று சொல்லும் மாணவருக்குத் தேர்வை ஒத்திவைக்கும் விதி எழுத்தில் இருக்கட்டும். அது ஆசிரியரின் தயவைப் பொறுத்திருக்கக் கூடாது.

மூடிய அறையில் இருவர் மட்டும் இருக்கும் வகுப்பு என்பதால் இதையும் மழுப்பாமல் எழுதுகிறோம். வில் பிடியைத் திருத்த ஆசிரியர் கையைத் தொட வேண்டிவரும். தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று மாணவர் சொன்னால் பேச்சாலும் செய்துகாட்டுவதாலும் சொல்லித்தர வேண்டும், அது முடியும். எல்லா வகுப்பறைக் கதவிலும் கண்ணாடி இருக்க வேண்டும். வகுப்பைப் பதிவுசெய்துகொள்ள மாணவருக்கு உரிமை இருக்கட்டும். சாதகத்துக்கும் அது உதவும். புகார் போய்ச் சேரும் இடம் அந்தத் துறைக்கு வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் சிறிய துறையில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டப்பட்டவர்கள்.

ஆசிரியர் வராத வகுப்பை அதே செமஸ்டருக்குள் ஈடுசெய்வது கட்டாயமாகட்டும். இணைய வழியாக ஈடுசெய்தால் செயலியின் இரைச்சல் நீக்கத்தை அணைக்கச் சொல்லுங்கள். நீளமாக ஒலிக்கும் மெல்லிய வில்லோசையை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். இல்லாத குறையைத் திருத்துவதில் வகுப்பு கழியும். கேமரா மாணவரின் வலது முன்பக்கமாக, பிரிட்ஜும் வில்லும் சேர்ந்து தெரியும்படி இருக்க வேண்டும்.

கடைசியாக, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர்கள். செல்லோ கற்பிப்பவர்களில் பலர் இவர்கள்தான். வாராந்தர வகுப்புக்கு மட்டும் கணக்குப் போடுகிறீர்கள். எல்லா மாணவர்களும் ஒருவர் முன் ஒருவர் வாசிக்கும் பொது வகுப்பு, செமஸ்டர் தேர்வில் உட்காருவது, நிறைவாண்டுக் கச்சேரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு நடக்கும் முன்னோட்டம், பியானோ ஒத்திகை எதுவும் கணக்கில் வருவதில்லை. ஒரு மாணவருக்கு ஒரு செமஸ்டரில் வகுப்பு நேரம் போக குறைந்தது ஆறு மணி நேரத்தை ஊதியத்தில் சேருங்கள். அடுத்த கல்வியாண்டின் பணி ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் இதைப் பாடத்திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையும், நிறைவாண்டு மாணவர் ஒருவரையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகங்களில் செல்லோ கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்